பத்து பவுண்டுப் புனிதர்

வெளிநாட்டு நோட்டு சேர்க்கிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நான் என் ஆல்பத்தைத் திறந்தால், முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பெரியவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இங்கிலாந்தின் பழைய பத்து பவுண்டு அது. விஞ்ஞானிகளின் முகம் போட்ட நோட்டுகளை மட்டும் சேர்க்கிறவன் நான். அந்த வகையில் டார்வின் இருக்கும் இந்தத் தாள் அப்படியொன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. ஆனால் என்னுடையதில் தாடியில் மெழுகு ஊறி, தாள் எண்ணெய்க் காகிதம் போல ஆகிவிட்டது. மூலையில் தீ பட்ட பழுப்பு வேறு. நல்லதாக ஒன்று வாங்கி இதைத் தள்ளிவிடு தம்பி என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சரி சார், சரி சார் என்று நானும் தலையாட்டிவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை.

என் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். ராயபுரத்தில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்குத் துறைமுகத்தில்தான் பிழைப்பு. ஆனால் அவர்களெல்லாம் கரையில் நின்று வேலை பார்க்கிறவர்கள். கப்பலிலேயே ஏறிப் போகிறவர் என் அப்பா ஒருவர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது. அவர் இரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்த்த அன்றைக்குத்தான்.

கப்பலில் ஒரு சமையல்காரருக்கு என்ன பெரிய அதிகாரம் இருந்துவிட முடியும்? அது ஆம்லெட்டில் இருக்கிறது என்று அப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் ஆளுக்கு ஒரு முட்டை என்பதுதான் கப்பலின் கணக்கு. இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி, ஓரம் முறுகலாக வேண்டும் என்கிறவர்கள் தங்கள் ஊர் நோட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு கண்டிஷன். ராஜா, மந்திரி, குதிரைமேல் உட்கார்ந்த தளபதி எல்லாம் அப்பாவிடம் செல்லாது. படித்தவர் முகம் இருந்தால்தான் ஆம்லெட். யார் படித்தவர், யார் ராஜா என்று பார்த்துச் சொல்ல கேரளத்து இரண்டாவது ஆபீசர் ஒருவர் இருந்தார். அவருக்கு மட்டும் ஆம்லெட் சும்மா.

இதற்கு அப்பா சொன்ன நியாயம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ராஜா மூஞ்சி நோட்டுல வர்றது இன்னாடா அதிசயம்? அவன் அடிச்ச நோட்டு, அவன் மூஞ்சிய அவனே போட்டுக்கினான். படிச்சவன் மூஞ்சிய இன்னொர்த்தன் நோட்டுல போட்டான் பாரு, அதான் மேட்டரு. நாளைக்கு உன் மூஞ்சி வரட்டும், பாக்கலாம்."

நம்மூர் நோட்டு எல்லாவற்றிலும் ஒரே தாத்தா சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நோட்டில் ஆள் மாறலாம் என்பதே புதுச் செய்தி. என் முகத்துக்கு எந்த நோட்டு பொருத்தமாக இருக்கும் என்று அன்றிலிருந்தே யோசிக்க ஆரம்பித்தேன். ஐந்நூறு போதும் என்று பட்டது.

எனக்குப் பத்து வயது நடந்தபோது வந்த விடுமுறையில் அப்பா நான்கு தாள்கள் கொண்டுவந்தார். என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அடர்ந்த மீசையும் சிலும்பிய முடியுமாக ஒரு ஜப்பான்காரர். காய்ச்சல் கிருமியைத் தேடி நாடு நாடாகப் போனவராம். பெயரை அப்பா வருகிற வழியிலேயே மறந்துவிட்டார். நோகுச்சி என்பதை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். செர்பியா நாட்டுத் தாளில் நடுவகிடு எடுத்த ஒல்லி மனிதர், கரண்டில் பெரிய பெரிய வேலை செய்தவர், நிக்கோலா டெஸ்லா. அடுத்தது ஒரு பெண்மணி. உடம்புக்குள் பாய்கிற ஏதோ கதிரைக் கண்டுபிடித்தவர், மரியா. இந்தத் தாள் அவர்கள் ஊரிலேயே செல்லாதாம். போலந்துக் கேப்டன் ராசிக்காகப் பர்ஸில் வைத்திருந்ததை, மழை பெய்த ஒரு காலையில் ஆம்லெட் வாசனைக்குத் தோற்றுப்போய்க் கொடுத்துவிட்டார். நான்காவது இங்கிலாந்துக்காரர், சார்லஸ். நெஞ்சு வரைக்கும் தாடி. பக்கத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று, தேன்சிட்டு மாதிரி ஒரு பறவை. மறுபக்கம் ராணி இருக்கிறாரே நைனா என்று கேட்டேன். ராணியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா.

அம்மா அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் நீட்டி, யார் இவர்களெல்லாம் என்று கேட்டாள்.

"சயின்டிஸ்டுமே," என்றார் அப்பா. "அல்லாரும் பெரிய பெரிய சயின்டிஸ்டு."

எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடமென்றால் செயின்ட் இன்னார். ஆஸ்பத்திரியென்றால் செயின்ட் இன்னார். மீன் ஏற்றுகிற ஐஸ் வண்டியின் நெற்றியில்கூட ஏதாவதொரு செயின்ட். செயின்ட் என்றால் புனிதர் என்று எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் தெரியும். வாலில் தொங்கிய 'டிஸ்ட்' அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. கப்பலில் போகிற மனுஷன் இங்கிலீஷைக் கொஞ்சம் நீட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். போதாக்குறைக்குப் பெயர்களும் ஒத்துழைத்தன. மரியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிக்கோலா என்றால் நிக்கோலாஸ். எங்கள் சந்தில் மட்டும் மூன்று சார்லஸ் இருந்தார்கள், மூன்று பேருமே பூசைக்குத் தவறாதவர்கள். அதிலும் இந்த சார்லஸுக்கு வெள்ளைத் தாடி, அருகில் கப்பல். படகுக்காரர்கள் சேர்ந்து கோயில் கட்டிய ஊரில், தாடியும் கப்பலுமாக ஒருவரைப் பார்த்தால் அவர் யார் என்று அடுத்தவரைக் கேட்பார்களா?

அப்பா திரும்பவும் கப்பலேறிய மறுநாள், அம்மா நான்கு தாள்களையும் என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடி மாட்டிய ஒரு சட்டத்துக்குள் வைத்து, சுவரில் பலகை அடித்து வைத்திருந்த எங்கள் பீடத்தில் ஏற்றிவிட்டாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு வலப்பக்கம், அந்தோணியாருக்கு இடப்பக்கம். என் நோட்டுகளுக்குக் கிடைத்த மரியாதை என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்த முறை அப்பா போன கப்பல், வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. கப்பல் முதலாளிக்கும் சரக்குக்காரருக்கும் ஏதோ வழக்கு. வழக்கு முடிகிறவரை கப்பல் நகரக் கூடாது. ஆளில்லாமல் கப்பலை விடக் கூடாது என்பதால் ஆட்களும் இறங்கக் கூடாது. கரை கண்ணுக்குத் தெரிகிறதாம், இரவில் ஊர் விளக்குகூடத் தெரிகிறதாம், ஆனால் போக முடியாது. அப்பா இதைப் போனில் ஒரு தமாஷ் போலச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

மாதங்கள் போயின. சம்பளம் வருவது நின்றது. அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டப் போனாள். மாமா, அம்மாவின் தம்பி, கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்பதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. அவர் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "மச்சானோட கப்பலு கடல்ல நிக்கிது, என் வண்டி ரோட்டுல நிக்கிது. நம்ம குடும்பத்துக்கே நிக்கிறதுதான் தொழிலா போச்சுக்கா," என்றார். அம்மா அவர் தட்டில் போட வந்த மீன் துண்டைத் திரும்பக் குழம்பிலேயே போட்டுவிட்டாள்.

அதே மாமாதான் இன்னொரு நாள், பாரிமுனையில் தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், தாடிக்காரரை மட்டும் மாற்றினால் அரிசிக்காவது ஆகும் என்று பீடத்துக்குக் கை நீட்டினார். அம்மா அந்தக் கையில் அகப்பையால் ஒன்று வைத்தாள். மாதாவையும் சேர்த்து விற்றுவிட்டு வாடா என்றாள். என் சேகரிப்பு பிழைத்தது, அவரைப் புனிதர் என்று அம்மா நம்பிய தவறால்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில்தான் மெழுகுவத்தி தொடங்கியது. அம்மா வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, சரியாக ஏழு மணிக்கு சார்லஸுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். சட்டத்திலிருந்து அவரை மட்டும் எடுத்து, மாதாவின் காலில் சாய்த்து நிறுத்தி, முன்னால் முழங்காலிடுவாள். கண்ணாடி மறைத்தால் வேண்டுதல் போகாது என்று ஒரு கணக்கு. கப்பலில் இருக்கிற புருஷனுக்காகக் கப்பல் வைத்திருக்கிற புனிதரிடம் கேட்கிறாள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மற்ற மூன்று பேருக்கும் அவ்வப்போது வேலை வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் ஜப்பான்காரர். அந்த வருடம் கரண்ட் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. போனதும் அம்மா நிக்கோலாஸைக் கூப்பிடுவாள். எப்படியும் வந்துதான் தீரும் என்பதால் நிக்கோலாஸுக்கு எங்கள் வீட்டில் நல்ல பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டாவது ஆபீசரின் போனிலிருந்து பேசுவார். அம்மா முதலில் சொல்வது இதுதான்: "சார்லஸுக்கு ஏத்திக்கினு கீறேன். தெனம் ஏழு மணிக்கு. நீ ஒன்னும் கவலப்படாத." அந்தப் பக்கத்திலிருந்து அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டதில்லை.

இப்படியே போயிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. ஆனால் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். பெரிய வகுப்பு அண்ணன் ஒருவன் ஒரு சார்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேலுடன் நின்றிருந்தான். சார்ட்டில் குனிந்த குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, இன்னும் நிமிர்ந்த ஏதோ ஒன்று, கடைசியில் மனிதன். மூலையில் வட்டத்துக்குள் எங்கள் சார்லஸ். அதே தாடி. மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொன்ன மாபெரும் விஞ்ஞானி என்று அண்ணன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். பிறகு பரிணாமக் கொள்கை பற்றி நிறைய சொன்னான். எனக்கு எதுவும் ஏறவில்லை.

அந்த வருடம் நான் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்க, கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆண்டவர் களிமண்ணைப் பிசைந்து ஆதாமைச் செய்தார் என்பது முதல் பாடம். இந்த மனுஷர் குரங்கு என்கிறார். அப்படியென்றால் இவர் ஆண்டவருக்கு எதிர்க்கட்சி. அம்மா எத்தனையோ மாதமாக மெழுகுவத்தி ஏற்றி, முழங்கால் தேய, எதிர்க்கட்சிக்காரரிடம் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மனு எப்படிப் போய்ச் சேரும்? அப்பா எப்படி வருவார்? கப்பல் நகராததற்குக் காரணம் கோர்ட்டு இல்லை, எங்கள் பீடம்தான் என்று எனக்கு அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்துத் தொடங்கினேன். மெழுகுவத்தியை அந்தோணியாருக்கு ஏற்றலாமே, காணாமல் போனதையெல்லாம் அவர்தானே கண்டுபிடித்துத் தருவார் என்றேன். அம்மா என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்தோணியாருக்கு ஊரே ஏத்துது. செவ்வாக்கெழம ஆனா கோயில்ல நிக்க எடம் கீதா? இவருக்கு இந்த மெட்ராஸ்ல நான் ஒர்த்திதான். யாரு மொதல்ல கேப்பாங்கோ?"

அடுத்த நாள் நேராகவே சொல்லிவிட்டேன்.

"அம்மா, அவரு செயின்ட் இல்லம்மா. சயின்டிஸ்டு."

"அத்தத்தானடா நானும் சொல்றேன். சயின்டிஸ்டு."

"அது வேறம்மா. விஞ்ஞானி. விஞ்ஞானிம்மா அவரு."

அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "ஞானின்னு தெரியாமலா ஏத்திக்கினு கீறேன்?"

எங்கள் வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஞானஸ்நானம், அதைக் கையில் ஏந்துகிறவர் ஞானத் தகப்பன், ஞாயிறு வகுப்பு ஞானோபதேசம். ஞானம் என்று தொடங்கிய எதுவும் கோயில் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்ததே இரண்டு சொற்கள். இங்கிலீஷ்ச் சொல்லைச் சொன்னால் செயின்ட் ஆகிறது, தமிழ்ச் சொல்லைச் சொன்னால் ஞானி ஆகிறது. மூன்றாவது சொல் என் கையில் இல்லை. கடைசி ஆயுதமாகக் குரங்கை எடுத்தேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொன்னவர் அம்மா இவர் என்றேன்.

"உன்ன பாத்துட்டு சொல்லியிருப்பாரு," என்று அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள்.

மாமாவிடம் போனேன். அவர் லாரிக்குக் கீழே படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு அடியிலிருந்தே சிரித்தார். வெளியே தெரிந்த கால்கள் இரண்டும் குலுங்கின. "கொரங்கோ மன்சனோ, மச்சான் வூடு வந்து சேந்தா போதும்டா. அதுவரிக்கும் நீ பொத்திக்கினு இரு," என்றார். சொன்னதோடு நிற்காமல், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பீடத்தைப் பார்த்து, வணக்கம் ஆஞ்சநேயா என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுக்கத் தொடங்கினார். என் பயம் இரண்டு மடங்கானது.

மிச்சமிருந்தது கோயில். புது நன்மைக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் முதல் பாவசங்கீர்த்தனம். பையன்கள் வரிசையில் நின்று, யார் என்ன பாவம் சொல்லப் போகிறார்கள் என்று ரகசியமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பொய், திருட்டு மாங்காய், கெட்ட வார்த்தை. என்னிடம் அதைவிடப் பெரிய சரக்கு இருந்தது. கூண்டுக்குள் முழங்காலிட்டதும், வகுப்பு சிஸ்டர் மனப்பாடம் செய்யவைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பீடத்தில் குரங்குச் சாமி ஒருவர் இருக்கிறார், அம்மா தினம் அவரைக் கும்பிடுகிறாள், அப்பா கப்பலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த பங்குச் சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு ஒன்றொன்றாகக் கேட்டார். எந்த ஊர் நோட்டு, தாடி எப்படி, பக்கத்தில் என்ன படம். ஒரு இருமல் வந்தது. அது இருமலா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

"தம்பி, இங்க உன் பாவத்த மட்டும் சொல்லணும். அம்மாவோடத அம்மா வந்து சொல்லுவாங்க," என்றார்.

என்னுடையது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுமில்லாமல் அனுப்புவது அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். மூன்று 'அருள் நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: அம்மா மெழுகுவத்தி ஏற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தத் தாளில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்கான பரிகாரம்.

அவர் எந்தக் கட்சி என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. இருந்தாலும் பரிகாரம் பரிகாரம்தான். அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டார்வினுக்குக் காவல் இருந்தேன். பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கப்பலில் டீசல் தீர்ந்து போயிருக்கும், ஜெனரேட்டர் ஓடாது, போனுக்குச் சார்ஜ் போட வழி இருக்காது என்று மாமா சொன்னார். சொல்லும்போது தமாஷ் எதுவும் சேர்க்கவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. அம்மா கம்பெனிக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். போனை மட்டும் இடுப்பில் செருகியபடியே தூங்கினாள்.

அந்த நாட்களில் ஒரு மாலை, கரண்ட் இல்லாத நேரத்தில் அம்மா மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணை மூடியிருந்தாள். நான் வழக்கம்போலக் காவலில் இருந்தேன். திடீரென்று கரண்ட் வந்தது. நிறுத்த மறந்திருந்த ஃபேன் சுழன்றது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நோட்டின் மூலையைத் தொட்டது. நான் பாய்ந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மெழுகுவத்தி சாய்ந்து தாடியின் மேல் மெழுகு கொட்டியது. எல்லாம் ஒரு நொடிதான்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தத் தாளை எடுத்து, கருகின இடத்தை விரலால் தடவினாள்.

"அவருக்கு ஒன்னும் ஆவல இல்ல?" என்றாள்.

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. "மூலதாம்மா. மூல மட்டுந்தான்," என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு புதிதாக ஒரு மெழுகுவத்தியை எடுத்து, முதலிலிருந்து தொடங்கினாள். எதிர்க்கட்சி ஆளுங்கட்சி எல்லாம் மறந்துபோய், வாழ்க்கையில் முதல்முறையாக நானும் அந்தத் தாடிக்காரரைப் பார்த்துக் கைகூப்பினேன். எங்கள் நைனாவை அனுப்பிவிடுங்கள், குரங்கு விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அதே வாரம், பட்டப்பகலில் அம்மா கம்பெனியிலிருந்து ஓடி வந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் நான் சந்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் தலை முழுக்க வெள்ளைப் பிசிறு, காலில் செருப்பு இல்லை. நான் கோலியை விட்டுவிட்டு எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்தாள்.

"எறங்கிட்டாருடா. கரையில எறங்கி டீ குடிச்சிக்கினு கீறாராம்."

சொல்லிவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். பசிக்குதுடா என்றாள். நான் எதிர்க்கடைக்கு ஓடி இரண்டு பன் வாங்கி வந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து இரண்டையும் அவளே தின்றாள். அத்தனை நாளும் அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா வந்தபோது பாதி ஆளாகியிருந்தார். ஆனால் சிரிப்பு அதேதான். வழக்கு முடிந்து கப்பல் வேறு கைக்குப் போய்விட்டதாம். இருந்தவர்களையெல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். போன் பேசாத நாட்களுக்கு மாமா சொன்ன காரணமே சரியாக இருந்தது. மாமா அன்றைக்கு லாரியை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்து, மச்சானைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா தள்ளி நின்று, முதலில் சாமிக்கு முன்னால் வா என்றாள்.

இந்த நான்கு பேரும் யார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். பீடத்தையும் மெழுகுவத்தியையும் பார்த்ததும் சிரித்துவிடப் போகிறார், உண்மை தெரிந்து அம்மா அவமானப்படப் போகிறாள் என்று பயந்தேன். உண்மை தெரியட்டும் என்று ஒரு பக்கம் ஆசையும் இருந்தது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றார்.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். சிலுவை போட்டார். மெழுகு கொட்டிய அந்தத் தாடியைப் பார்த்துக் கண்ணை மூடினார். மாமாவே வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலையில் மீன் வாங்க அப்பா என்னைக் காசிமேட்டுக்குக் கூட்டிப் போனார். வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"நைனா, அவரு செயின்ட் இல்லன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்டா. ரெண்டாவது ஆபீசரு அன்னிக்கே அல்லாம் சொன்னாரு. அஞ்சு வருசம் கப்பல்ல சுத்துனவரு, கொரங்கு கத சொன்னவரு."

"அப்றம் ஏன் முட்டி போட்ட?"

அப்பா கையிலிருந்த கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "இங்க ஏழு மணின்னா அங்க அஞ்சர. அரிசிய களைஞ்சி ஒலையில போட்டுட்டு, டெக்குல போயி நிப்பேன். இன்னேரத்துக்கு உங்கம்மா சார்லஸுக்கு ஏத்திக்கினு இருப்பான்னு நெனச்சிக்குவேன். நானும் அவரத்தான் கும்புட்டேன். தெனமும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். தெரியாமல் கும்பிட்ட அம்மாவைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. தெரிந்தே ஒரு மனிதர் எப்படி இப்படிச் செய்வார்? வெயிலில் அவ்வளவு நாள் நின்றதில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்தேன். நன்றாகப் படித்துப் பெரியவனாகி, செயின்ட் வேறு சயின்டிஸ்ட் வேறு என்று இரண்டு பேருக்கும் ஒருநாள் உட்காரவைத்து விளக்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். ஒரே நேரத்தில் அங்கே அவரும் இங்கே அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு யாரைப் பார்த்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தாடிக்காரரைத்தான் என்று நம்பிக்கொண்டு, வஞ்சிரம் விற்றுப்போவதற்குள் சீக்கிரம் நட என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.